கடற்கரையில் சும்மா இருத்தல்

விடுமுறை முடிந்து அலுவலகம் திரும்பும் ஒருவரை நாம் வரவேற்கும் முறை ஏறத்தாழ ஒரு விசாரணை போன்றது. "எங்கெல்லாம் போனீர்கள்? என்னென்ன பார்த்தீர்கள்?" என்பதே முதற்கேள்வி. நான்கு நாளில் ஒன்பது கோயில்கள், இரண்டு அருவிகள், ஓர் அணை என்று விடை வந்தால் கேட்டவர் முகம் மலர்கிறது. ஓர் ஊரிலேயே ஆறு நாள் தங்கினோம், காலையில் நடந்தோம், நண்பகலில் உறங்கினோம், மாலையில் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று விடை வந்தாலோ, "அவ்வளவுதானா?" என்னும் சொல் வாயில் வராவிடினும் கண்ணில் வந்துவிடுகிறது. பயன் ஒன்றும் காட்டாத பொழுது வீண்பொழுது என்னும் எண்ணம் நம்முள் அத்துணை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அவ்வெண்ணம் அறத்தின்பாற்பட்டதா, அன்றி வெறும் பழக்கந்தானா என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

தில்லியில் வாழும் நம்மனோர்க்கு இக்கேள்வி மற்றவரினும் கூடுதலாகப் பொருந்தும். பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு வந்தவர்க்கு ஓய்வு என்பது சற்றே கூச்சம் தரும் பொருள். ஊரில் வயதான தாய் தந்தையர் இருக்க, தங்கையின் திருமணம் இருக்க, வீட்டுக்கடன் இருக்க, நாம் இங்கே காலை நீட்டி அமர்வதா என்று உள்ளிருந்து ஒரு குரல் கேட்டுக்கொண்டேயிருக்கிறது. மத்திய அரசுப் பணியாளர்க்கு ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு உண்டு. சனவரி முதல் நாளில் 15, சூலை முதல் நாளில் 15 என்று அது கணக்கில் ஏறும். எடுக்காமல் விட்டால் 300 நாள்வரை சேரும். பணி ஓய்வு பெறும்போது காசாக மாறும். ஆகவே விடுப்பு எடுப்பவர் ஊதாரி என்றும், எடுக்காதவர் சேமிப்பாளர் என்றும் நம் பிரிவுகளில் ஒரு சொல்லாத வழக்கு நிலவுகிறது. 'ஈட்டிய' என்னும் அடைமொழியையே பாருங்கள். சம்பளம் போல அதையும் சம்பாதித்தாக வேண்டும். சம்பாதித்த பின்னர்ச் செலவிட மனம் வாராது. எடுக்கும் சில நாள்களும் ஊர்த் திருமணத்திற்கும், காதுகுத்துக்கும், கருமாதிக்கும், நிலப் பத்திரத்திற்கும் போய்விடும். போக வர ரயிலிலேயே மூன்று நாள் கழியும். திரும்பி வந்து, களைப்புத் தீர ஒரு நாள் தற்செயல் விடுப்பு எடுப்போரும் நம்முள் உண்டு.

இந்நிலையில்தான் நம் குடும்பங்களுக்கு ஆஸ்திரேலியா என்னும் நாடு நெருக்கமாயிற்று. சிட்னியிலோ மெல்போர்னிலோ ஒரு மகன், மகள், மருமகன், மைத்துனர் இல்லாத குடும்பம் நம் சங்கத்தில் இன்று குறைவே. அவர்கள் பெற்றோரை வரவழைத்து, "கடற்கரை ஊரில் ஒரு வாரம் வீடு எடுத்திருக்கிறோம்" என்கிறார்கள். "அங்கே என்ன செய்வது?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். "ஒன்றும் செய்ய வேண்டாம்" என்பது விடை. இவ்விடையைப் பெரியவர்கள் கேலி என்று எண்ணுகிறார்கள். பிள்ளைகளோ உண்மையாகவே சொல்கிறார்கள். சென்ற ஆண்டு சனவரியில் நம் மைத்துனர் அழைப்பின் பேரில், துறையின் முன்னனுமதி பெற்று நாமும் குடும்பத்தோடு அவ்வாறு ஓர் ஊரில் ஆறு நாள் தங்க நேர்ந்தது. விடுப்புப் பயணச் சலுகை வெளிநாட்டுக்குச் செல்லாது என்பதை நம் அலுவலக நண்பர் ஒருவர் மும்முறை நினைவூட்டினார்.

அவ்வூரின் பெயர் கயாமா. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், சிட்னிக்குத் தெற்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. மின்ரயில் ஊர்வரை செல்லும். இறங்கிச் சிறிது நடந்தால் துறைமுகம். துறைமுகத்தை ஒட்டி ஓங்கி நிற்கும் நார்ஃபோக் பைன் மரங்கள். அதற்கப்பால் முனையில் 1887-இல் கட்டிய வெண்ணிறக் கலங்கரை விளக்கம். அதன் அடியில்தான் ஊருக்குப் புகழ் சேர்த்த 'புளோஹோல்' இருக்கிறது. நாம் ஊதுதுளை எனலாம். எரிமலைக் குழம்பு இறுகி உண்டான கரும்பாறையை அலை குடைந்து குகையாக்கியிருக்கிறது. குகையின் கூரையில் ஒரு திறப்பு. அலை உட்புகும்போது அகப்பட்ட காற்று அழுந்தி, பேரொலியோடு நீரை மேலே எறிகிறது. நல்ல அலையாயின் 20 மீட்டருக்கு மேலும் எழும். 1797 டிசம்பரில் ஜார்ஜ் பாஸ் என்னும் கப்பல் மருத்துவர் ஒரு சிறு படகில் இக்கரையை ஒட்டிச் செல்லும்போது இதைக் கண்டு குறித்து வைத்தார்.

ஆனால் ஊதுதுளை நம் விருப்பத்திற்கு ஊதாது. தென்கிழக்கிலிருந்து அலை வர வேண்டும். வடகிழக்கு அலையாயின் பெரிய துளை முனகுவதோடு நின்றுவிடும். தெற்கே சிறிது தொலைவில் உள்ள சிறிய துளைதான் அன்று வேலை செய்யும். இதற்குக் கால அட்டவணை கிடையாது. விண்ணப்பம் போட்டும் பயனில்லை. முதல் நாள் நாம் அரைமணி நின்றும் ஒன்றும் எழவில்லை. பேருந்தில் வந்திறங்கிய ஒரு கூட்டம் பத்து நிமிடம் நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஏமாற்றத்தோடு சென்றுவிட்டது. கம்பித் தடுப்பருகே மடக்கு நாற்காலி போட்டு அமர்ந்திருந்த உள்ளூர் முதியவர் ஒருவர் மட்டும் அசையவில்லை. அவர் காத்திருக்கிறார் என்றுகூடச் சொல்ல முடியாது. காத்திருப்பவர்க்கு வர வேண்டிய ஒன்று உண்டு. அவருக்கு வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

மற்ற பொழுதுகளில் அவ்வூரில் செய்தவற்றைச் சொல்வதானால் பட்டியல் மிகச் சிறியது. பாறையில் வெட்டிய குளங்கள் இரண்டு உண்டு, அலை ஏறும்போது கடல்நீர் தானே வந்து நிரம்பும், கட்டணம் இல்லை. விடியலில் எழுபது வயதுப் பாட்டிமார் அங்கே நிதானமாக நீந்துகிறார்கள். வடக்கே பாம்போ என்னும் முனையில் பழைய கல்சுரங்கம் ஒன்றில், வெட்டாமல் விட்ட கற்றூண்கள் ஆயிரங்கால் மண்டபம் போல் வரிசையாக நிற்கின்றன. பூங்காவில் பொத்தானை அழுத்தினால் சூடேறும் இரும்புத் தட்டு பொதுமக்களுக்கென்றே வைக்கப்பட்டிருக்கிறது. நம் அத்தை, அத்தட்டில் முன்னர் என்னென்ன வெந்தனவோ என்று ஐயுற்று, வீட்டிலிருந்து கொணர்ந்த தோசைக்கல்லை அதன்மேல் வைத்த பின்னரே அடுப்பாக அதனை ஒப்புக்கொண்டார். பிற்பகலில் மரநிழல். அவ்வளவே.

இத்தகைய பொழுதுபோக்கு அந்நாட்டார்க்கு வானத்திலிருந்து விழவில்லை. 1856 ஏப்ரல் 21 அன்று மெல்போர்னில் பல்கலைக்கழகக் கட்டட வேலையில் இருந்த கல்தச்சர்கள் உளியைக் கீழே வைத்துவிட்டு, நாடாளுமன்றக் கட்டடம் நோக்கி ஊர்வலம் சென்றார்கள். எட்டு மணி நேரத்திற்கு மேல் வேலை செய்ய மாட்டோம் என்பது கோரிக்கை. எட்டு மணி உழைப்பு, எட்டு மணி பொழுது, எட்டு மணி உறக்கம் என்று அவர்கள் நாளை மூன்றாகப் பகுத்தார்கள். கொளுத்தும் வெயிலில் நாள் முழுதும் கல் உடைக்க இயலாது என்றும், மனிதனுக்குப் படிக்கவும் சிந்திக்கவும் பொழுது வேண்டும் என்றும் வாதிட்டார்கள். கட்டடத் தொழிலில் கோரியதைப் பெற்றார்கள். நினைவாக 8-8-8 என்னும் எண்களைத் தாங்கிய தூண் இன்றும் அந்நகரில் நிற்கிறது. நடுவில் உள்ள அந்த எட்டுத்தான் நமக்கு முக்கியம். உறக்கம் உடலுக்குத் தேவை; அதை எந்த முதலாளியும் ஓரளவேனும் ஒப்புவான். உழைப்பும் அன்று, உறக்கமும் அன்று, விழித்திருந்து தன் விருப்பம்போல் இருக்கும் பொழுது மனிதனுக்கு உரியது என்று கல் உடைப்பவர் கேட்டதே புதுமை. அதே எட்டு மணியை நம் நாட்டில் உரக்கக் கேட்ட இடமும் ஒரு கடற்கரைதான். 1923 மே முதல் நாளில் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் தொழிலாளரைக் கூட்டி மே தினம் கொண்டாடினார். கடலைப் பார்த்து அமரும் உரிமை கடற்கரையிலேயே பேசப்பட்டது என்பதை எண்ணுகையில் நமக்கு ஒரு மகிழ்ச்சி.

கடலில் குளிப்பதுகூட அந்நாட்டில் ஒருகாலத்தில் ஒழுக்கக்கேடாகக் கருதப்பட்டது. பகல் வெளிச்சத்தில் பொதுக் கடற்கரையில் குளித்தல் சட்டப்படி குற்றம். 1902-இல் சிட்னியை அடுத்த மேன்லியில் வில்லியம் கோச்சர் என்னும் பத்திரிகை ஆசிரியர், முன்கூட்டி அறிவித்துவிட்டு நண்பகலில் கடலில் இறங்கினார். மறு ஆண்டே தடை தளர்ந்தது. இன்று அந்நாட்டின் அடையாளமாகவே நாம் எண்ணும் காட்சி, நூற்றிருபது ஆண்டுக்கு முன் காவலர் தடுக்க வேண்டிய காட்சியாயிருந்தது.

இன்று அந்நாட்டுச் சட்டம் நிரந்தரப் பணியாளர்க்கு ஆண்டில் நான்கு வாரம் ஊதிய விடுப்பு அளிக்கிறது. அதனினும் வியப்பு ஒன்று உண்டு. பல தொழில்களில் விடுப்பில் இருக்கும் நாள்களுக்கு வழக்கமான ஊதியத்தினும் 17.5 விழுக்காடு கூடுதலாகத் தருகிறார்கள். நம் மைத்துனர் இதைச் சொன்னபோது நாம் நம்பவில்லை. ஊதியச் சீட்டைக் காட்டிய பின்னரே நம்பினோம். விடுப்பை அங்கும் சேர்த்து வைக்கலாம். ஆனால் எட்டு வாரத்திற்கு மேல் சேர்ந்தால் பல தொழில்களின் விதிகள் அதனை 'மிகை' என்று பெயரிட்டு, எடுத்துத் தீர்க்குமாறு பணியாளர்க்கு ஆணையிட வேலை கொடுப்போருக்கு வழி செய்கின்றன. இங்கே 300 நாள் சேர்த்தவரைப் பாராட்டுகிறோம், அங்கே 40 வேலைநாள் சேர்த்தவரை, "உமக்கு என்ன நேர்ந்தது?" என்று கேட்கிறார்கள். பணத்தைச் சேமிக்கலாம், பின்னர்ச் செலவிடும்போது அது பணமாகவே இருக்கும். நாற்பது வயதில் எடுக்காத விடுப்பை அறுபதில் காசாக்கினால் கையில் வருவது காசு மட்டுமே. நாற்பது வயது முழங்காலும் ஆறு வயது மகளும் அக்காசில் அடங்குவதில்லை.

இவ்விடத்தில் படித்த நண்பர்கள் திருக்குறளை எடுப்பார்கள். எடுக்கத்தான் வேண்டும். மடியின்மைக்கு ஓர் அதிகாரம், அதனை அடுத்தே ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரம் என்று வள்ளுவர் வகுத்திருக்க, சும்மா இருப்பதற்கு வக்காலத்து வாங்குவது தகுமா? தாயுமானவர் அரிதென்று பாடிய சும்மா இருத்தலை இங்கே துணைக்கு அழைப்பாரும் உளர், நாம் அழைக்கமாட்டோம். மரநிழலில் உறங்குவதை மோனநிலை என்பது பொய். பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1932-இல் சோம்பலைப் புகழ்ந்தே ஒரு கட்டுரை எழுதினார். நாளைக்கு நான்கு மணி வேலை போதும் என்றார். அவர் வாதத்தில் பாதிக்கு நாம் உடன்படுவோம். எனினும் நம் ஐயத்தைத் தீர்க்க ரஸ்ஸலிடம் போக வேண்டியதில்லை. மடி என்னும் சொல்லிலேயே விடை இருக்கிறது.

மடியால் கெடுவது குடி என்பதே அவ்வதிகாரத்தில் மீண்டும் மீண்டும் வரும் கருத்து. அஃதாவது, மடியன் தான் செய்ய வேண்டியதைச் செய்யாமையால் அவனைச் சார்ந்தோர் வீழ்கின்றனர். அப்படியாயின் மடிக்கும் ஓய்வுக்கும் இடையே கோடு எங்கே விழுகிறது? எத்தனை மணி நேரம் படுத்திருந்தார் என்பதில் அன்று. பயனுள்ள எதையேனும் கண்டு வந்தாரா என்பதிலும் அன்று. அவர் படுத்திருந்தபோது அவருடைய பங்கு யார் தலையில் ஏறியது என்பதில்தான். தன் பங்கை முடித்தவரோ, முறை வைத்து மாற்றிக்கொண்டவரோ ஆறு நாள் கடலைப் பார்த்திருந்தாலும் மடியர் அல்லர். தன் பங்கைப் பிறர்மேல் சுமத்திவிட்டு ஒன்பது கோயில் தரிசித்தவர், எத்துணைதான் ஓடியாடினும் மடியரே. இதுவே நாம் கொள்ளும் அளவுகோல்.

அளவுகோல் கையில் வந்ததும் கயாமாவின் அழகு அத்துணை எளியதாகத் தோன்றவில்லை. பாம்போ முனையின் கற்றூண்களை நாம் வியந்து பார்க்கிறோம். அங்கிருந்து வெட்டிய கல்தான் சிட்னியின் சாலைகளுக்கும் தண்டவாளங்களுக்கும் சென்றது. வெட்டியவர்கள் வெயிலிலும் கல்தூளிலும் நின்றவர்கள். 1880-களில் அத்தொழிலாளர்க்கென மரத்தால் கட்டிய வரிசைவீடுகள் இன்று சிறு கடைகளாகவும் காபிக் கடைகளாகவும் விளங்குகின்றன. காபி கொண்டு வந்து வைத்த பெண், தான் நிரந்தரப் பணியில் இல்லை என்று பேச்சுவாக்கில் சொன்னாள். அத்தகையோர்க்கு ஊதிய விடுப்பு கிடையாது. அதற்கு ஈடாக மணிக்கூலி 25 விழுக்காடு கூடும். ஊரார்க்கு விடுமுறை உச்சத்தில் இருக்கும் சனவரியே அவளுக்கு ஓயாத வேலைமாதம்.

இதற்கு மாறான காட்சியும் உண்டு. கடற்கரையில் சிவப்பும் மஞ்சளுமான இரு கொடிகளை நட்டு, அவற்றிடையே மட்டும் குளிக்கச் சொல்கிறார்கள். வாரநாள்களில் நகராட்சியின் ஊதியம் பெறும் காவலர். வார இறுதியிலோ தொண்டர்கள். தம் சொந்த ஓய்வுநாளைப் பிறர் ஓய்வுக்குக் காவலாகக் கொடுக்கும் இவ்வமைப்புகள் 1907 வாக்கில் சிட்னிக் கடற்கரைகளில் தோன்றின. 1938 பிப்ரவரி 6 அன்று போண்டையில் தொடரலைகள் வந்து இருநூறுக்கும் மேற்பட்டோரை இழுத்தபோது, கூடியிருந்த தொண்டர்கள் பாய்ந்து மீட்டனர்; ஐவர் மாண்டனர். அந்தத் தொண்டிலும் 1980 வரை பெண்களுக்கு முழு உறுப்புரிமை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நாம் அங்கிருந்த ஆறு நாளில் சனவரி 26-உம் வந்தது. நமக்குக் குடியரசு நாள்; அரசு விடுமுறை. அவர்களுக்கோ 1788-இல் பிரிட்டிஷ் கப்பற்கூட்டம் சிட்னித் துறையில் கொடி நாட்டிய நாள். பூங்கா முழுவதும் கொடியும் புகையும் சிரிப்பும். ஆயின் 1938-இல், அதன் நூற்றைம்பதாம் ஆண்டு விழாவன்று, அந்நாட்டு முதற்குடிகள் சிட்னியில் கூடி அதனைத் துக்க நாளாக அறிவித்தார்கள். இன்றும் அவர்களுள் பலர்க்கு அது துக்க நாளே. கயாமாக் கரை தரவால் மொழி பேசிய மக்களுடையது. சற்று வடக்கே பாஸ் முனையில் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதர் கிளிஞ்சல் தின்று வாழ்ந்த தடயங்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். நாம் உல்லாசமாக அமர்ந்த மணல் அவர்களுக்கு அடுக்களையாயிருந்தது. நம் இலக்கியத்தில் நெய்தல் நிலம் இரங்கலுக்கு உரியது. அலவனாட்டியும் சிற்றில் இழைத்தும் மகளிர் விளையாடியதும் அதே மணலில்தான். ஒரே கரையில் இரண்டும் நிகழும் என்பது நம் புலவர்களுக்குப் புதிதன்று.

இவையெல்லாம் பிறர் நாட்டுக் கணக்கு. நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். விடுமுறைக்கென எடுக்கும் வீடுகளில் சமையலறை இருக்கும். அதனை வசதி என்று விளம்பரம் செய்கிறார்கள். நம் குடும்பங்களில் அதன் பொருள் வேறு. ஆடவர் கடற்கரையில் இருக்கிறார்கள். பெண்டிர் அதே குழம்பை வேறோர் அடுப்பில் வைக்கிறார்கள். புது இடமாதலால் புளி எங்கே, கரண்டி எங்கே என்று தேடும் வேலையும் சேர்ந்துகொள்ளும். நம் சங்கச் சுற்றுலாக்களிலும் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, இருபது பேருக்கு எலுமிச்சைச் சாதம் கட்டியவர்கள் யார் என்பதை வாசகர் அறிவர். நாம் கூறிய அளவுகோல்படி, அப்பயணங்களில் ஆடவர் எடுத்தது ஓய்வு ஆகாது. அதற்கு வள்ளுவர் வைத்த பெயரை மேலே சொல்லியாயிற்று.

கயாமாவில் இச்சிக்கலை நம் மைத்துனரின் மனைவி முதல் நாள் இரவே தீர்த்துவிட்டார். குளிர்ப்பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டி, ஆறு நாளையும் பகிர்ந்து பெயர் எழுதினார். மூன்று நாள் அடுக்களை ஆடவர்க்கு. "அத்தான், உங்களுக்கு இரண்டாம் நாளும் ஐந்தாம் நாளும், உப்புமா நன்றாகச் செய்வீர்களாமே, அக்கா சொன்னார்கள்" என்றார் மைத்துனர் சிரித்துக்கொண்டே, நான்காம் நாள் அவருக்கு. எழுபதைக் கடந்த அத்தைக்கு இவ்வேற்பாடு பிடிக்கவில்லை. மருமகன் கையில் கரண்டியா என்று முகம் சுளித்தார். தோசைக்கல் நிகழ்ச்சியும் அந்தச் சுளிப்பின் விளைவே. தம் முறை வராத நாளிலும் பூங்காவில் அடுப்பைக் கைப்பற்றிவிட்டார்.

ஐந்தாம் நாள் காலை நாம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது, பெண்கள் மூவரும் பாறைக்குளத்திற்குப் போனார்கள். ஏழு மணிக்குப் போனவர்கள் பத்தரைக்கு வந்தார்கள். அத்தையின் சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. "என்ன பார்த்தீர்கள்?" என்று மைத்துனர் கேட்டார். "தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்" என்றார் அத்தை. உப்புமா ஆறியிருந்தது, சூடாக்கித் தரட்டுமா என்றோம். வேண்டாம், நாளைக்கும் போகலாமா என்று கேட்டுவிட்டு அமர்ந்தார்.